கடிவாளம் யார் கையில்?

பார்த்த முதல் நாளே முறைத்துக்கொள்ளும் ஆணும் பெண்ணும் கடைசியில் மாலை மாற்றிக்கொள்வார்கள் என்பது சினிமா பார்த்து வளர்ந்த நமக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. 'மோதலில் ஆரம்பித்துக் காதலில் முடியும்' என்று அரை வரியில் முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் ஆங்கிலப் பதிப்பாளர்கள் இதைத் தனிச் சரக்காகவே விற்கிறார்கள். 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' என்று அதற்கு லேபிள். புத்தகக் கடையில் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான அலமாரி முன்னால் போய் நின்று பாருங்கள். கிரீடம், கத்தி, முள் கொடி. இந்த மூன்றில் குறைந்தது இரண்டாவது இல்லாத அட்டையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உள்ளே என்ன கதை? ஒரு மாய ராஜ்ஜியம். அரண்மனை. அழகான, திமிர் பிடித்த இளவரசன். அவனுக்கு எந்த விதத்திலும் சமமில்லாத ஒரு பெண். அவன் அவளை அவமானப்படுத்துவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். முன்னூறு பக்கம் கழித்து முத்தம். 12 வயதிலிருந்து 18 வயது வரைக்கும் என்று கணக்கு. நிஜத்தில் அம்மாக்களும் படிக்கிறார்கள், பெண்ணின் பையிலிருந்து எடுத்து, ராத்திரியில்.

குப்பை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஒரு பதினைந்து வயசுப் பெண்ணின் காதில் இந்தக் கதைகள் ஏதோ சொல்கின்றன. 'உன்னை அழவைக்கிறவன் உள்ளுக்குள் உன்னை விரும்புகிறான்' என்பதுதான் அது என்றால், நமக்குக் கவலை வரவேண்டும். ஸ்கூலில் ஒரு பையன் சீண்டுகிறான் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணிடம், 'உன்னைப் பிடிச்சிருக்கு, அதான் சீண்டறான்' என்று எத்தனை பெரியவர்கள் சமாதானம் சொல்லியிருக்கிறோம்! அந்தச் சமாதானத்துக்கு முன்னூறு பக்கத்தில் அட்டை போட்டால் எப்படி இருக்கும்?

அதனால் இந்த வகையில் மிகவும் பேசப்பட்ட ஒன்றை எடுத்து ஒழுங்காகப் படித்துப் பார்க்கலாம். ஹாலி பிளாக் எழுதிய மூன்று நாவல்கள். 'தி குரூயல் பிரின்ஸ்' 2018-ல் வந்தது. 'தி விக்கட் கிங்', 'தி குவீன் ஆஃப் நத்திங்' இரண்டும் 2019-ல். சின்னப் பிள்ளைகளுக்கான 'ஸ்பைடர்விக்' கதைகளை ஓவியர் டோனி டிடெர்லிஸியோடு சேர்ந்து உருவாக்கியவர் இதே அம்மாள்தான்.

கதைக்குள் போவதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி. பகை என்றால் என்ன?

சிரிக்காதீர்கள். இந்த லேபிளின் கீழே மூன்று விதமான பகையைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

முதல் வகை, தப்பாகப் புரிந்துகொண்ட பகை. 1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' இதற்குப் பாட்டி. ஒரு நடன விருந்தில், எலிசபெத் காதில் விழும்படியே, அவள் ஒன்றும் அவ்வளவு அழகில்லை என்று சொல்லிவிடுகிறான் டார்ஸி. போதாதா? ஆனால் அந்தப் பகை ஒரு கடிதத்தில் பாதி கரைந்துவிடக்கூடியது. உண்மை தெரிந்தால் தீர்ந்தது.

இரண்டாவது வகை, எதிரெதிர்ப் படைகள். மேரி ருட்கோஸ்கியின் 'தி வின்னர்ஸ் கர்ஸ்' (2014) நல்ல உதாரணம். ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்ட பேரரசின் தளபதி மகள், தோற்ற நாட்டு இளைஞன் ஒருவனை அடிமைச் சந்தையில் ஏலம் எடுக்கிறாள். அந்தத் தலைப்பே பொருளாதாரச் சமாச்சாரம். எண்ணெய் வயல்களுக்கு ஏலம் கேட்ட கம்பெனிகளை வைத்து 1971-ல் மூன்று பொறியாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையால் பிரபலமானது. ஏலத்தில் ஜெயிப்பவன் பெரும்பாலும் தேவைக்கு மேல் கொடுத்தவன், ஆகவே ஜெயித்ததே சாபம் என்பது அதன் சாரம். அந்தப் பெண்ணும் அதிகமாகத்தான் கொடுத்துவிடுகிறாள். இங்கே யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அவள் நாடு அவன் நாட்டை நிஜமாகவே சூறையாடியிருக்கிறது. எத்தனை கடிதம் எழுதினாலும் அது மாறாது.

மூன்றாவது வகை, ஒருவன் அடிக்கிறவன், ஒருத்தி அடிபடுகிறவள். இதற்குப் பகை என்று பெயர் வைப்பதே தப்பு. பகைக்கு இரண்டு பக்கமும் கொஞ்சமாவது பலம் வேண்டும். ஒரு பக்கம்தான் பலம் என்றால் அதற்கு வேறு பெயர், கொடுமை. ஆபத்தான வகை இதுதான். ஹாலி பிளாக் தொட்டிருப்பதும் இதைத்தான்.

கதை இது. ஜூட் என்கிற பெண்ணுக்கு ஏழு வயது. அமெரிக்காவில் சாதாரண வீடு. ஒருநாள் கதவைத் தட்டி ஒருவன் வருகிறான். பெயர் மேடக். மனிதன் இல்லை. தேவதை உலகத்தின் தளபதி. 'தேவதை' என்றதும் வெள்ளை இறக்கையும் நட்சத்திரக் குச்சியும் நினைக்காதீர்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப்புறப் பழங்கதைகளில் வருகிற தேவதைகள், நம் ஊர் முனி, மோகினி மாதிரி, பார்த்தால் பயப்பட வேண்டிய ஜாதி. மேடக்கின் இனத்துக்கு 'ரெட்கேப்' என்று பெயர். கொன்றவனின் ரத்தத்தில் தொப்பியை நனைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஜூடின் அம்மா ஒருகாலத்தில் அவன் மனைவி. ஓடிவந்து ஒரு மனிதனைக் கட்டிக்கொண்டவள். இரண்டு பேரையும் பிள்ளைகள் கண் முன்னாலேயே மேடக் கொல்கிறான். அங்கே மூன்று பெண்கள். மூத்தவள் விவி, மேடக்குக்கே பிறந்தவள். மற்ற இருவரும், ஜூடும் டாரினும், இரட்டைப் பிள்ளைகள், சுத்த மனிதப் பிறவிகள். தன் மனைவியின் பிள்ளைகள் என்பதால் அவர்களும் தன் பொறுப்பு என்று மூன்று பேரையும் எல்ஃப்ஹேம் ராஜ்ஜியத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், ராஜகுடும்பத்துப் பிள்ளைகளோடு படிக்க வைத்து, பெற்ற அப்பா மாதிரியே வளர்க்கிறான்.

பத்து வருஷம் கழித்து ஜூடுக்குப் பதினேழு. அங்கே எல்லோரும் சாகாவரம் பெற்ற மாதிரி வாழ்பவர்கள், அழகர்கள், மந்திரக்காரர்கள். இவள் மனுஷி. மாயத்துக்கு வசமாகாமல் இருக்க உப்பையும் ரோவன் பழத்தையும் கையோடு வைத்துக்கொண்டு அலைய வேண்டிய பிழைப்பு. சின்ன வயசில் ஒரு காவல்காரன் அவள் விரல் நுனியைக் கடித்தே எடுத்திருக்கிறான். படிக்கிற இடத்தில் ராஜாவின் கடைசி மகன் கார்டனும் (தோட்டம் இல்லை, பெயரே அதுதான்) அவன் கூட்டமும் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. சாப்பாட்டில் மண். ஆற்றில், நீர்ப்பேய்களுக்கு நடுவே தள்ளிவிடுவது. அந்தக் கூட்டத்தில் ஒருவன், சாப்பிட்டால் மனிதர்கள் புத்தி பேதலித்துப்போகும் பழத்தை அவள் வாயில் திணிக்கிறான்.

இந்தக் கார்டனைத்தான் அவள் கடைசியில் காதலிக்கப் போகிறாள். எப்படி? இங்கேதான் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது, சறுக்கலும் இருக்கிறது.

சறுக்கலை முதலில் பார்த்துவிடலாம். முதல் நாவலில் ஜூட் உளவாளியாக ஒரு மாளிகைக்குள் நுழைகிறாள். அங்கே கார்டனை அவன் அண்ணன் பெல்ட்டால் அடிக்க வைப்பதை ஒளிந்திருந்து பார்க்கிறாள். பிறகு அவன் புத்தகம் ஒன்றுக்குள் ஒரு காகிதம் கிடைக்கிறது. பார்த்தால் அதில் இவள் பெயரே திரும்பத் திரும்ப, கிறுக்கலாக. ஆக, அடிபட்டு வளர்ந்த பையன் அடிக்கிறான். விரும்புகிற பெண்ணை வெறுப்பதாக நினைத்துக்கொண்டு படுத்துகிறான். அந்தப் 'பிடிச்சிருக்கு, அதான் சீண்டறான்' சமாதானம் ராஜ உடை போட்டுக்கொண்டு வந்துவிட்டது, பார்த்தீர்களா? ஒருவன் ஏன் கொடுமைக்காரன் ஆனான் என்பதற்கு அடிபட்ட முதுகு ஒரு காரணம். அவனை ஏன் காதலிக்க வேண்டும் என்பதற்கு அது காரணமே இல்லை. பல வாசகிகளுக்கு இந்தக் காகிதக் காட்சிதான் உயிர் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று புத்தகத்திலும் சோம்பேறித்தனமான இடம் இதுதான்.

இங்கேயே ஆசிரியர் நின்றிருந்தால் நானும் புத்தகத்தை மூடிவைத்திருப்பேன். நிற்கவில்லை. காகிதத்தைப் பார்த்து ஜூட் உருகிப்போய் அவன் கண்ணீரைத் துடைக்க ஓடுவதில்லை. அவள் யோசிப்பது வேறு. தன் கையில் என்ன இருக்கிறது?

அந்த உலகத்தில் ஒரு விதி. தேவதைகளால் பொய் சொல்ல முடியாது. உண்மையை வளைத்து, திருகி, பாதி மறைத்து ஏமாற்றலாமே தவிர, பச்சைப் பொய் நாக்கில் வராது. மனிதர்களுக்கு வரும். அத்தனை பலசாலிகளுக்கு நடுவே அவளுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் அது. ராஜ்ஜியத்தில் அடுத்த ராஜா யார் என்று பெரிய ரத்தக்களரி நடக்கிறது. அந்தக் குழப்பத்தில் கார்டன் அவளிடம் கைதியாக வந்து சேர்கிறான். பொய் சொல்ல முடியாதவனின் கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டால் என்ன வரும்? உண்மைதான். தன்னையும் மீறி அவளையே நினைத்துக்கொண்டிருப்பதை ஒப்புக்கொள்கிறான். முதல் முத்தம் அங்கேதான். கத்தி இவள் கையில்.

பிறகு நடப்பதுதான் விசேஷம். பாதித் திட்டத்தை மட்டும் சொல்லி, ஒரு வருஷமும் ஒரு நாளும் தன் கட்டளைக்குக் கீழ்ப்படிவதாக அவனிடம் சத்தியம் வாங்குகிறாள். வாங்கிய கையோடு, அவன் கொஞ்சமும் விரும்பாத கிரீடத்தை அவன் தலையில் வைக்க வைக்கிறாள். ஊரறிய அவன் மகாராஜா. அவனை ஆட்டிவைப்பது ஜூட்.

இரண்டாவது நாவலில் தலைகீழ். கொடுமைக்காரன் இவளிடம் அடிமை. இவளுக்கு அந்த அதிகாரம் ருசிக்கிறது. தூக்கமில்லாமல், யாரையும் நம்பாமல், தன்னை வளர்த்த மேடக் மாதிரியே ஆகிக்கொண்டு வருகிறாள். எங்கே ஒரு வருஷம் முடிந்துவிடுமோ என்கிற பயம் வேறு. காதல் இருக்கிறது. ஆனால் கட்டளை இட்டால் மறுக்க முடியாதவன் காட்டும் அன்பு நிஜம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தச் சந்தேகம் இதே வகையில் வரும் மற்ற புத்தகங்களில் அநேகமாக இருப்பதே இல்லை. அங்கெல்லாம் இளவரசன் திடீரென்று கனிந்துவிடுவான், நாயகி மயங்கிவிடுவாள், கதை முடிந்தது.

அந்தக் கனிவைத்தான் நாம் சந்தேகப்பட வேண்டும். எல்லா அதிகாரமும் ஒருவன் கையில் இருக்கும்போது அவன் காட்டுகிற மென்மைக்குக் கருணை என்று பெயர். கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காதலில் அப்படி ஒருவர் மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

இந்த அளவுகோலை வைத்து ஆஸ்டினிடம் திரும்பிப் போங்கள். அப்பா காலமானால் வீடு தூரத்து உறவுக்காரனுக்குப் போய்விடும் என்கிற நிலையில் எலிசபெத். எதிரே வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமுள்ள டார்ஸி. முதல் தடவை அவன் கேட்கும்போது அவள் முடியாது என்கிறாள். அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த 'முடியாது'. அதைச் செலவழித்த பிறகுதான் அவர்கள் சமம் ஆகிறார்கள். ருட்கோஸ்கியும் அதே மாதிரிதான். முதலில் அவள் எஜமானி, அவன் அடிமை. புரட்சிக்குப் பிறகு அவன் எஜமான், அவள் கைதி. இரண்டு பேரும் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறார்கள்.

இனி முடிவைச் சொல்லப்போகிறேன். படிக்க வைத்திருப்பவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

மூன்றாவது நாவலில் ஒரு சாபத்தால் கார்டன் ராட்சசப் பாம்பாகிவிடுகிறான். அந்தப் பாம்பை அடக்க ஒரு தங்கக் கடிவாளம் இருக்கிறது. மாட்டினால் போதும், வாழ்நாள் முழுக்க ஜூட் சொன்னபடி கேட்கும். அந்த பலத்தில் அவள் ராணியாக உட்காரலாம். முதல் நாவலில் வாங்கிய சத்தியமும் இந்தக் கடிவாளமும் ஒன்றுதான், கவனியுங்கள். அதே கேள்வி இரண்டாம் தடவை வருகிறது. அவள் கடிவாளத்தை மாட்டவில்லை. வாளால் பாம்பின் தலையை வெட்டுகிறாள், அவனை இழக்கத் தயாராகி. உள்ளேயிருந்து அவன் உயிரோடு வருகிறான்.

ஸ்காட்லாந்தில் 'டாம் லின்' என்று ஒரு பழைய கதைப்பாடல் உண்டு. தேவதை ராணியின் பிடியில் சிக்கிய காதலனை மீட்க ஒரு பெண் போகிறாள். அவன் அவள் கைக்குள்ளேயே பாம்பாக, மிருகமாக, எரிகிற கனலாக மாறுகிறான். என்ன ஆனாலும் பிடியை விடக்கூடாது. விடாமல் பிடித்தால் மனிதனாகக் கிடைப்பான். ஹாலி பிளாக்கின் பாம்பு அந்தப் பாட்டை ஞாபகப்படுத்துகிறது. ஆனால் பாடம் நேர் எதிர். அங்கே பிடித்தவள் ஜெயித்தாள். இங்கே விட்டவள் ஜெயிக்கிறாள். பழைய கதையைத் தெரிந்த ஒருவர் அதைத் திருப்பிப் போடும்போது கிடைக்கிற சந்தோஷம் இது.

இன்னொன்று. இந்த மூன்று நாவலிலும் நிஜமான பகைவன் இளவரசன் இல்லை. மேடக். பெற்றவர்களைக் கொன்றவன். வாள் பிடிக்கவும் வியூகம் வகுக்கவும் சொல்லிக்கொடுத்து வளர்த்தவனும் அவனே. சொந்த மகள் விவி அவனை மன்னிக்கவே இல்லை. அவனால் அநாதையான ஜூட்தான் அவனை அப்பாவாக நேசிக்கிறாள், அச்சு அசலாக அவனைப்போலவே ஆகிறாள். முதல் நாவலின் கடைசியில் அவனை அவள் விஷத்தால் வீழ்த்துகிறாள். கடைசி நாவலில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து, அவனைக் கொல்லாமல், மனித உலகத்துக்கு நாடு கடத்துகிறாள். கொன்றவன் மேல் உள்ள பாசத்தை என்ன செய்வது? அது போகவும் போகாது, சரி என்றும் ஆகாது. இந்தக் கேள்விக்கு எந்த முத்தமும் பதில் இல்லை. அட்டையில் இளவரசனைப் போட்டு விற்றாலும், மனசில் தங்குவது இந்த அப்பா-மகள் விவகாரம்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. மூன்றாவது நாவல் அவசர அவசரமாக முடிகிறது. முதல் நாவலில் நின்று நிதானித்துக் காட்டிய கொடுமைக்கு ஈடாக, நின்று நிதானித்து ஒரு மன்னிப்பு கேட்கிற காட்சி வேண்டாமா? கார்டன் மாறிவிட்டான் என்பதை, அவன் கிண்டலாகப் பேசும் அழகிலேயே நாம் ஒப்புக்கொண்டுவிட வேண்டியிருக்கிறது. அழகாகப் பேசுகிறவனுக்குப் பாதி தண்டனை தள்ளுபடி என்பது கதையில் மட்டும் நடப்பதல்ல என்பதால்தான் இது உறுத்துகிறது.

ஆனாலும் உங்கள் பெண் இந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தால் பிடுங்கி வைக்காதீர்கள். பிடுங்கினால் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பாள், அதுவும் அந்தக் காகிதக் காட்சியை மட்டும் நாலு தடவை. நீங்களும் படியுங்கள். சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'அவன் நல்லவனா மாறினப்போ, அவ கையில என்ன இருந்துச்சு?'

கத்தியா, சத்தியமா, பொய்யா, 'முடியாது' என்கிற ஒரு வார்த்தையா? ஏதாவது இருந்தது என்றால் அது காதல் கதையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்றுமே இல்லை, அவன் மனசு வைத்தான், அவ்வளவுதான் என்றால், கிரீடம் எவ்வளவு மினுமினுத்தாலும் அது வேறு கதை. இதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட பெண், ஸ்கூல் பஸ்ஸில் சீண்டுகிற பையனையும் சரியாகவே எடைபோடுவாள். சமாதானம் சொல்ல நாம் தேவைப்பட மாட்டோம்.